கத்தரி பட்ட மீசை

எங்கள் வீட்டுத் தறியில் மூத்த பெண்ணின் முகூர்த்தப் புடவை ஏறியிருந்தது. ஊருக்கெல்லாம் நெய்கிறவனுக்குத் தன் பெண்ணுக்கும் நெய்ய வாய்த்தது முருகன் கொடுத்தது. ஒரே பயம் எலிதான். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் அது வாய் வைத்தால், முடிச்சுப் போட்டு ஒட்டினாலும் புடவையில் தழும்பு தெரியும். எலியைப் பார்த்துக்கொள்ள எங்கள் சாம்பல் பூனை இருந்தது.

அது பாவின் மேலேயே நடந்து போகும். முதல்முறை எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து பார்த்தால் ஓர் இழை இழுபடவில்லை. நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பஞ்சுப் பாதத்தை மட்டும் வைக்கிறது. எலியைக் கண்டால் அதே பாதத்தில் நகம் வந்துவிடும். படைத்தவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் பாவு நூலுக்கு விறைப்பேற்றக் கலக்கி வைத்த கஞ்சியில் பூனை முகத்தை விட்டுவிட்டது. மீசை காய்ந்து விறைத்து நின்றது. என் வீட்டுக்காரிக்குப் புடவையில் பிசிறு தெரிந்தால் வெட்டிவிட்டுத்தான் மறுவேலை. பழகின கை, பூனையை மடியில் போட்டு இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டிவிட்டாள்.

"இன்னாமே பண்ணிட்ட?"

"பிசிறு பிசிறா ஒட்டிகினு இருந்திச்சி. நீங்க திருத்தணில மீசைய எடுத்துகினு வந்தீங்களே, வூட்டுக்கு வழி தெரியாம பூட்டீங்களா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று மாலையே பூனை தறிக்காலில் முட்டிக்கொண்டது. சுவருக்கும் தறிக்கும் நடுவில் ஒரு சந்து, எலி வருகிற வழி. முன்பெல்லாம் மீசை நுனி இடித்தால் நிற்கும், இடிக்காவிட்டால் நுழையும். இப்போது தலையை நீட்டுவதும் இழுப்பதுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டது. உள்ளே எலி கீச்சிட்டது.

வீட்டுக்காரி அழுதுவிட்டாள். "எம்பொண்ணு பொடவைக்கு நானே வெனை வச்சிட்டேனே!"

பெண் செல்போனைத் தேய்த்துப் பார்த்துச் சொன்னாள்: "மறுபடியும் வளந்துடுமாம்மா. அதுவரைக்கும் நீயே பூனையா இரு."

அப்படியேதான் இருந்தாள். வேலை முடிந்ததும் பாவை என் பழைய வேட்டியால் மூடி, பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள். கிருத்திகைக்கு விளக்கேற்றியபோது முருகனிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது: "கல்யாணத்த நீ நடத்திக்குவ, தெரியும். மொதல்ல பூனைக்கு மீசைய குடுப்பா."

கொஞ்ச நாளில் வெள்ளை முள் போல முளை தெரிந்தது. வெள்ளி ஜரிகை இழை மாதிரி ஒவ்வொன்றாக நீண்டது. நான் பார்த்துப் பார்த்து நெய்தேன்.

ஒரு காலை, ஊடை நூல் வைத்த நாடாவைப் பாவுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். பூனை சந்துக்கு முன்னால் போய் நின்றது. மீசையை முன்னுக்கு விரித்தது. இந்தப் பக்கம் தொட்டது, அந்தப் பக்கம் தொட்டது. நான் தறியின் கால்மிதியை நிறுத்திவிட்டேன். உடம்பைச் சுருக்கி உள்ளே போனது. ஒரு சலசலப்பு. எலியைக் கவ்விக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தது.

வீட்டுக்காரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள்.

"இன்னா வாய பொளந்துகினு பாக்கறீங்க? நெய்யுங்க. இன்னும் முந்தானை பாக்கி இருக்குது."