சாமி மண்ணுக்குள் முட்டை

எங்கள் தோட்டத்தில் ரஜீவை மருந்துக் கங்காணி என்பார்கள். தேயிலைக்குப் பூச்சி மருந்து அடிக்கும் ஆறு பேரை மேய்ப்பது அவன் வேலை. முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்தது இரண்டே மாதம்தான். பிறகு அவன் மாமனார் தோட்டத்துத் துரையிடம் பேசிக் கங்காணி ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து நமுனுகுல மலையே தன் பேச்சில்தான் நிற்கிறது என்று நினைப்பு.

மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளியைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியுமாம். ஒரு மண்ணும் தெரியாது. அந்தப் பூச்சியும் பெரிய வீரனில்லை. கறுத்த இறக்கை முழுக்க மஞ்சள் பொட்டு, வயிற்றில் சிவப்பு வரி, கல்யாணத்துக்குக் கிளம்பியது போல ஒரு சோடனை. ஒழுங்காகப் பறக்கவும் வராது, குதிக்கவும் வராது. தொட்டால் நுரை தள்ளி நாறும், காகம்கூடத் தீண்டாது. தின்பது ஒன்றுதான் பிழைப்பு.

என் பக்கத்து வீட்டு விஜயலெட்சுமிக்குக் கொழுந்தெடுக்க வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மிச்ச நாளுக்கு எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் போட்ட போஞ்சிப் பாத்திதான் கதி. காயை ஜௌபர் நானாவின் கடையில் கொடுத்துப் பிள்ளைகளுக்கு அரிசி வாங்குவாள்.

போன கார்த்திகையில் அவள்தான் கண்டாள். பாத்திக்குப் பக்கத்திலிருக்கும் கவ்வாத்துச் சாமி கல்லைச் சுற்றி வெட்டுக்கிளிகள் மண்ணுக்குள் வாலை இறக்கி முட்டையிட்டுக்கொண்டிருந்தன. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கத்தியை வைத்துக் கும்பிடும் கல் அது. அங்கே மண்வெட்டி படக்கூடாது என்பது வழக்கம். பூச்சிக்கு அது நல்ல வசதி.

"கங்காணி, மாசி வெயில்ல அந்த மண்ணக் கிண்டிப் போட்டா முட்ட காஞ்சு செத்துரும். சாமிக்கு ஒரு தேங்கா ஒடச்சிட்டுக் கிண்டுவோமே," என்றாள்.

"சாமி மண்ணுல கை வைப்பியா? புள்ளைங்களுக்கு ஏதாச்சும் வந்தா என்னையக் கேக்கக் கூடாது!"

தினமும் அதே கல்லில் காலை ஊன்றி வெற்றிலை துப்புகிறவன் சொன்ன பேச்சு இது. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், எல்லோருக்கும் முன்னால், "பூச்சி வந்தா எங்கிட்ட மருந்து இருக்கு," என்று மார்தட்டினான். பேச்சில் பிள்ளைகளை இழுத்ததும் விஜயலெட்சுமி பயந்துவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

சித்திரை மழை விட்டதும் குஞ்சுகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தன. ரஜீவ் மருந்தைக் கூட்டி அடித்தான். போஞ்சி இலை கருகியது. பூச்சி அடுத்த வரிசைக்கு நகர்ந்தது. நான்கு நாளில் விஜயலெட்சுமியின் பாத்தியில் நரம்பும் காம்பும்தான் மிஞ்சின.

ஐந்தாம் நாள் அவை கங்காணி வீட்டுப் போஞ்சிப் பாத்திக்குள் புகுந்தன. அவ்வளவுதான், தேங்காய்கூட உடைக்காமல் மண்வெட்டியோடு சாமி கல்லடிக்கு ஓடினான்.

"சாமியே கனவுல வந்து கிண்டச் சொல்லுச்சு," என்றான், வெட்கமில்லாமல்.

கிண்டக் கிண்ட வெறும் முட்டைக்கூடுதான் வந்தது. விஜயலெட்சுமி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போஞ்சிக் கொடிக்கு நட்டிருந்த கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். பானையில் போட அரிசி இல்லை. பிள்ளைகளுக்குப் பாலில்லாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தாள்.