அட்டையைத் தூக்கிப் பார்த்த இரண்டாம் ஆள்

1. கட்டி பிடித்த டியூப்

அன்று காலை பத்தரை மணிக்கு லேபர் ரூமிலிருந்து போன் வந்தது. பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடனே இரண்டு யூனிட் வேண்டும் என்றார்கள். சாம்பிள் வந்தது. கூட வேலை பார்க்கும் அஞ்சுவும் நானும் ரெஜிஸ்டரில் குரூப் 'பி பாசிட்டிவ்' என்று எழுதினோம். இன்சார்ஜ் ஷீபா மேடம் பி குரூப் ரத்தப் பை ஒன்றை எடுத்து, அந்த ரத்தமும் அவள் ரத்தமும் சேருமா என்று டியூபில் கலந்து கிராஸ்மேட்ச் போட்டார். டியூபை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இது ஒந்நு நோக்கியே."

உள்ளே ரத்தம் கட்டி பிடித்து, சிவப்பு மணல்போல் கிடந்தது. பொருந்தாத ரத்தம். அந்தப் பெண் ஓ குரூப். அந்தப் பை அவள் உடம்பில் ஏறியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று தெரியாது. ஓ பை எடுத்து, மறுபடி டெஸ்ட் போட்டுக் கொடுத்தோம். பிழைத்துவிட்டாள்.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனை ரத்த வங்கியில் பத்தொன்பது வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். இங்கே ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதல் ஆள் ரத்த அணுக்களை வைத்து குரூப் பார்த்து எழுதுவார். இரண்டாம் ஆள் அதே சாம்பிளின் சீரத்தை வைத்துத் தனியாகப் பார்ப்பார். முதல் ஆள் எழுதியதை அவர் பார்க்கக் கூடாது. அதற்காக ரெஜிஸ்டரின் இடப்பக்கத்தை ஒரு அட்டையால் மூடி வைப்போம்.

அன்று முதல் ஆள் அஞ்சு. அவசரத்தில் இரண்டு சாம்பிள்களை மாற்றி எடுத்துவிட்டாள். யாருக்கும் நடக்கலாம். இரண்டாம் ஆள் என்று ஒருவரை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

அஞ்சு அழுதுகொண்டே சொன்னாள்: "அண்ணாச்சியும் 'பி'ன்னுதானே எழுதியது! அதான் எனக்கு டவுட்டே வரல."

நான் டெஸ்ட் போடவில்லை. அட்டையைத் தூக்கிப் பார்த்து எழுதியிருந்தேன்.

2. ஏழு மாதம்

சோம்பலால் அப்படிச் செய்யவில்லை. பயத்தால் செய்தேன்.

அந்த நாளுக்கு ஒரு வருடம் முன்பே களைப்பு தொடங்கியிருந்தது. ஒன்பது மணி நேரம் படுத்து எழுந்தாலும் சுமை தூக்கியவன் மாதிரி இருக்கும். காலையில் தலைவலி. கரமனையில் இறங்க வேண்டியவன் பஸ்ஸில் தூங்கி, இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்குவேன். பிறகு மறதி வந்தது. டெஸ்டுக்குத் தினமும் கையில் எடுக்கும் ரீஏஜென்ட் திரவத்தின் பெயர் வாயில் வராது. கோயம்புத்தூரில் படிக்கும் மகள் அபியிடம் போனில் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டிருக்கிறேன். "அப்பா, இப்பத்தானே சொன்னேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஹீமோகுளோபின், சுகர், தைராய்டு, பி12 எல்லாம் எங்கள் லேபிலேயே யாருக்கும் சொல்லாமல் பார்த்தேன். எல்லாம் நார்மல். சந்தோஷப்பட வேண்டியவன் அன்றுதான் உண்மையில் பயந்தேன். திருத்தக்கூடிய காரணம் ஒன்றும் இல்லையென்றால் மூளைதான் போகிறது என்று முடிவு கட்டினேன். நாகர்கோவிலில் என் பெரியப்பா அறுபது வயதில் சொந்த வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவர். எனக்கு ஐம்பத்திரண்டு. மனைவி பதினொரு வருடமாக மஸ்கட்டில் நர்ஸ். அபிக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. யாரிடம் சொல்வது?

என் கண்ணில் எனக்கு நம்பிக்கை போனது. அஞ்சுவின் கண் இருபத்தாறு வயதுக் கண், அவள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அட்டையைத் தூக்கிப் பார்த்து அதையே எழுதத் தொடங்கினேன். அவளோ அண்ணாச்சி பார்க்கிறார், தப்பு வந்தால் பிடித்துவிடுவார் என்று நினைத்திருக்கிறாள். இப்படி ஏழு மாதம் எங்கள் டெஸ்ட் பெஞ்சில் இரண்டாம் ஆளே இல்லை.

3. கூட உறங்குவது யார்

டியூப் கட்டி பிடித்த அன்று மதியமே ஷீபா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏழு மாசம், அண்ணாச்சி?"

"ஆமா மேடம்."

"டாக்டரைக் காணாம இனி பெஞ்சில் இரிக்க வேண்டா."

பழைய ரெஜிஸ்டர்களைத் தோண்டினார்கள். வேறு தவறு கிடைக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

டாக்டர் என் கழுத்தை அளந்தார், தொண்டைக்குள் டார்ச் அடித்தார். "குறட்டை உண்டோ?" என்றார்.

"தெரியாது டாக்டர்."

"கூட உறங்குறவங்க என்ன சொல்றாங்க?"

"யாருமில்ல."

"எத்தனை வருஷமா?"

சொன்னேன். பேனாவை மூடிவிட்டு, "எங்கிலும் ஆரெங்கிலும் ஒந்நு கேக்கணமல்லோ" என்றார், யாராவது காதால் கேட்டால்தானே தெரியும் என்று. ஒரு மணி நேரமாவது யாராவது பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், இல்லையென்றால் ஸ்லீப் டெஸ்டுக்கு எழுதுகிறேன் என்றார். எழுதியும் கொடுத்தார். மூன்று வாரம் அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்தது. அதிலும் நார்மல் என்று வந்துவிட்டால் பிறகு பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காதே.

அபி லீவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாயில் படுத்தேன். அவள் உலுக்கியதில்தான் விழித்தேன். அவள் முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"எந்திரிங்கப்பா! மூச்சே விடல நீங்க. நான் எண்ணினேன். முப்பத்தெட்டு செகண்ட்."

"கனவு கண்டியா?"

"சத்தியமாப்பா. பேடிச்சே போயிட்டேன். அப்புறம் பழைய லாரி ஸ்டார்ட் பண்ற மாதிரி ஒரு சத்தம். திரும்பவும் நின்னு போச்சு." அழுதுகொண்டே சிரித்தாள். "தினமும் இப்படித்தானா? யாருக்குமே தெரியாதா?"

ஸ்லீப் டெஸ்டில் தெரிந்தது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை தட்டி எழுப்புகிறது. விழித்தது எனக்கு நினைவிருக்காது, ஆனால் ஆழ்ந்த தூக்கம் என்று ஒன்று கிடைக்கவே இல்லை. மறதியும் களைப்பும் தலைவலியும் அதிலிருந்து வந்தவை. இப்போது தொண்டை அடைக்காமல் காற்றை ஊதும் மாஸ்க் மாட்டிப் படுக்கிறேன். இரண்டு மாதத்தில் ரீஏஜென்டின் பெயர்கள் திரும்பி வந்தன.

பெஞ்ச் திரும்பி வரவில்லை. ஷீபா மேடம் என்னை டோனர் கவுன்டரில் போட்டிருக்கிறார். அது நியாயம்தான்.

4. இப்போது கேட்கும் கேள்வி

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கண்ணை நம்ப முடியாத நாள் வந்தால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்து போங்கள். பக்கத்து ஆளைப் பார்த்து எழுதினால் இரண்டு பேரும் குருடர்களாகிவிடுவீர்கள்.

ரத்தம் கொடுக்க வருபவர்களிடம் கேட்க ஒரு படிவம் உண்டு. நேற்று நன்றாகத் தூங்கினீர்களா என்பது அதில் ஒரு கேள்வி. முன்பெல்லாம் தலை நிமிராமல் டிக் போடுவேன். போன வாரம் சாலை பஜாரில் ஒரு மளிகை மண்டியில் வேலை பார்க்கும் தென்காசிக்காரர் வந்தார். கனத்த உடம்பு, சிவந்த கண். உட்கார்ந்ததும் கொட்டாவி விட்டார்.

"நேத்து நல்லா தூங்கினீங்களா?"

"நமக்கென்ன அண்ணாச்சி, படுத்தா பொணம்."

"யார் பாத்தா?"

சிரிக்க வாயைத் திறந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ரூம்ல நான் ஒத்தைக்குத்தான் அண்ணாச்சி" என்றார்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.