பஞ்சு வைத்துத் தைத்த உறை

பாக்கியவதி எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள். இஸ்திரிப்பெட்டியானாலும், கம்ப்யூட்டரானாலும், காய்ச்சல்கார நெற்றியானாலும் ஒன்றுதான். பல வருஷப் பழக்கம்.

பாளையங்கோட்டையில் அவள் வீட்டு முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துத் தட்டச்சு வேலை பார்த்துவந்தாள். தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில் தம்பி கிங்ஸ்லி சிங்கப்பூரிலிருந்து கையகல இரும்புக்கூடு ஒன்று கொண்டுவந்தான். உள்ளே ஹார்டு டிஸ்க், பின்னால் யூஎஸ்பி கம்பி. இரண்டு கம்ப்யூட்டரிலும் அடிப்பதெல்லாம் அதில் மட்டும் போய்ச் சேரும்படி செய்துகொடுத்தான். இனி எதற்கு என்று பாக்கியவதி பழைய நகல்கள் இருந்த பிளாப்பிகளை அழித்து, கல்யாணப் பத்திரிகைகளை அச்சகத்துக்கு அனுப்ப எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கூட்டுக்குள்தான் ஞானசிகாமணி சார்வாளின் வேலையும் இருந்தது. ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். ஆற்றங்கரைப் பச்சிலைகளுக்கு ஊர் ஊராக வழங்கும் பெயர்களைச் சேர்த்துவந்தார். பார்வை மங்கியதால் இரண்டு வருஷமாகத் தாளில் எழுதுவதில்லை. முக்கூடல் வயலில் களையெடுக்கும் பெண்களிடம் கேட்ட பெயர்களை, நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவார். அவள் அடிப்பாள்.

மே மாதத் தூசிக்குப் பயந்து அவள் கூட்டுக்கு ஓர் உறை தைத்தாள். டி.வி.க்கும் மிக்ஸிக்கும் தைத்தவள்தானே. அடிபடாமலிருக்கப் பஞ்சும் வைத்தாள். தினமும் உறைமேல் புறங்கை வைத்துப் பார்த்தாள். சூடே தெரியவில்லை.

ஜூனில் ஒரு மத்தியானம் கூடு டிக் டிக்கென்றது. பிறகு எதுவும் திறக்கவில்லை. ஜங்ஷன் கம்ப்யூட்டர் கடைக்காரர் கழற்றிப் பார்த்து, வெந்துபோச்சு, ஒன்றையும் மீட்க முடியாது என்றார். மேலே எதைப் போட்டு மூடினீர்கள் என்றும் கேட்டார். அவள் கூட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தானாகக் கெட்டது என்று சொன்னால் சார்வாள் நம்பிவிடுவார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதுவே மனசில் ஓடியது. சாயங்காலம் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

"சார்வாள், கூடு போச்சு. நான் உறை தச்சுப் போட்டேன். அதுலதான் வெந்துட்டு."



"உறையில பூ போட்டியோ?"

"ரோசாப்பூ, சார்வாள்."

"நம்ம ஊருப் பூ ஒண்ணுகூடவா உனக்குக் கெடைக்கல?" என்றார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுவாரம் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் சேர்த்தவை முந்நூற்றுக்கு மேல். இந்த டிசம்பர் வரை நூற்று நாற்பது நினைவுக்கு வந்திருக்கின்றன. சிலவற்றைச் சொல்லிவிட்டு, சரியாக நினைவில்லை, வேண்டாம், அழித்துவிடு என்கிறார். சனிக்கிழமைதோறும் அவள் இரண்டு பிளாப்பிகளில் நகல் எடுக்கிறாள். சார்வாளுக்கு வலது கண் இப்போது தெரிவதில்லை.