கிளுவை வேலி

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே இருந்த சுவர் என் நெஞ்சு உயரம்தான் இருக்கும். அதன் மேற்பரப்பில் சிமெண்டு பூசி வழவழப்பாக்கியிருந்தார்கள். பள்ளி விட்டு வந்ததும் நான் இந்தப் பக்கமும், என் வகுப்பில் படித்த பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு சுவர்மேல் அஞ்சாங்கல் ஆடுவோம். துடியலூரில் அப்போதுதான் சைட் பிரித்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தெரு அது. வேறு பிள்ளைகள் இல்லை. எனக்குக் கூடப் பிறந்தவர்களும் இல்லை.

அந்த வருடம் அப்பா லீவில் இருந்தார். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மில்லுக்கு லீவு விட்டிருக்கிறார்கள், திறந்ததும் போவார். அம்மா காலையில் ஒரு தையல் கம்பெனிக்குக் கிளம்பிவிட, அப்பா பக்கவாட்டு வராண்டாவில் நாற்காலி போட்டு லுங்கியோடு உட்கார்ந்திருப்பார். சுவருக்கு அப்பால் துணி உலர்த்த வரும் பக்கத்து வீட்டு அத்தை தவறாமல் கேட்பாள்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கும் மில்லு இல்லீங்களா?"

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அப்பா செய்தித்தாளில் எதையோ தேடத் தொடங்குவார். அத்தையின் கணவர் வேறொரு மில்லில் வேலை பார்த்தார். தினமும் டிபன் கேரியரைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பிப்போவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

செடி வைத்து மறைத்துவிடலாம் என்று முதலில் சொன்னது அம்மா. சுவருக்கும் சிமெண்டு நடைக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு மண் இருந்தது. இன்று நான் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் வரைபடம் போடுகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் முதலில் நிபந்தனைகளை வரிசைப்படுத்திவிடுவேன். அந்த ஒரு முழ மண்ணுக்கும் நிபந்தனைகள் இருந்தன. ஆள் உயரம் வளர வேண்டும், அகலமாகப் பரவக் கூடாது, வேர் சுவரைப் பிளக்கக் கூடாது, எங்கள் குழாயில் எப்போதாவது வரும் தண்ணீரில் பிழைத்துக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது: சுவரின் மேற்பரப்பு எங்களுக்கு மிஞ்ச வேண்டும்.

"மூங்கி வெக்கலாமுங்களா?" என்றாள் அம்மா.

"செவுரு பொளந்து போயிரும்."

"அப்ப அரளி?"

"ஆரு ஆடாவது தின்னு செத்துப்போச்சுன்னா அதுக்கொரு பஞ்சாயத்து."

நான் மருதாணி என்றேன். வேண்டிய உயரத்துக்குக் கத்தரித்துக்கொள்ளலாமே என்பது என் கணக்கு. "மருதாணி எப்பக் கண்ணு ஆளொசரம் வாரது?" என்று அம்மா அதைத் தள்ளிவிட்டாள். கடைசியில் அப்பாதான் கிளுவை என்றார். அவருக்குக் காங்கயம் பக்கம் ஊர். அங்கே மேய்ச்சல் காடுகளைச் சுற்றிக் கிளுவை முள்தான் வேலி. கிளையை வெட்டி நட்டால் போதும், தானாகத் துளிர்க்கும். அந்தக் கிளைக்குப் போத்து என்று பெயர்.

வைகாசியில் அப்பாவும் நானும் போய்ப் பெரியப்பாவின் காட்டில் போத்துகளை வெட்டி, சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தோம். காந்திபுரத்தில் டவுன் பஸ் மாறினோம். கண்டக்டரின் சட்டையில் முள் மாட்டிக்கொண்டது.

"ஏனுங்கண்ணா, துடியலூர்ல எத்தன மாடு மேய்க்கறீங்க?"

"மாடெல்லாம் இல்லீங்க. இந்த ஒரு புள்ளதான்" என்று அப்பா என்னைக் காட்டினார். பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

மழை பிடித்ததும் போத்துகள் துளிர்த்தன. ஐப்பசியில் பச்சைச் சுவர் எழும்பிவிட்டது. அத்தையின் குரல் மட்டும் கொஞ்ச நாள் இலைகளுக்குள்ளிருந்து வந்தது, பிறகு அதுவும் நின்றது. கல்லை எட்டி எடுக்கப்போய் அந்தப் பெண்ணின் கையில் முள் கீறியதால் அவள் வீட்டில் அவளைச் சுவர்ப் பக்கமே வரவிடவில்லை. நான் சிமெண்டு நடையில் தனியாக ஆடினேன். வலது கை எனக்கு, இடது கை அவளுக்கு. அவள் முறை வரும்போது கல் தவறினால் இன்னொரு வாய்ப்புக் கொடுப்பேன். அப்படியும் அவள் பேச மாட்டாள்.

மாசியில் கிளுவை இலையெல்லாம் கொட்டிவிட்டது. கோடையில் அது கொட்டும் என்பது அப்பாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஊரில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, அங்கே முள் இருந்தால் போதும்.

"மாட்டுக்கு வேலி போட்டு வெச்சிருக்கீங்க. மனுசனுக்கு ஆரு போடறது?" என்றாள் அம்மா.

"ஏம்புள்ள, நம்மூர்ல ஆரு மறைஞ்சு உக்காந்தாங்க?" என்றார் அப்பா.

எனக்கு மட்டும் சந்தோஷம். முள்ளுக்கு இடையில் அந்த வீடு முழுதாகத் தெரிந்தது. பரீட்சைக்கு விட்ட விடுமுறையில் ஒரு நாள் மத்தியானம், மாமா அவர்கள் வீட்டுப் படியில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் உட்கார்ந்திருந்தார். டிபன் கேரியர் அடுக்குகள் சன்னல் திட்டில் காலியாகக் கவிழ்ந்திருந்தன. எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மாமாவுக்கும் லீவு விட்டுவிட்டார்கள். இனிமேல் பெரியவர்கள் இருவரும் சுவரோரம் பேசிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் விளையாடலாம்.

"மாமா! உங்களுக்கும் லீவுங்களா?" என்று கத்தினேன். "எங்கப்பாவுக்கும் லீவுதானுங்க! இங்கதான் உக்காந்திருக்கறாரு!"

மாமா நிமிர்ந்தார். வராண்டாவில் அப்பாவும் நிமிர்ந்தார். இலையில்லாத குச்சிகளுக்கிடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். அப்பாவும் எழுந்து உள்ளே போனார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா அவர்கள் பக்கம் கம்பு நட்டுத் தென்னந்தடுக்கு கட்டத் தொடங்கினார். அது அகலமான கீற்றுப் பின்னல். ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை சரிந்தது. சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். முள்ளுக்குள் கையை விட்டுச் சரிந்த முனையைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னுங் கொஞ்சம் மேல ஏத்துங்க" என்றார்.

"முள்ளு குத்தப்போகுதுங்க."

"அது கெடக்குதுங்க. நீங்க இழுத்துக் கட்டுங்க."

இருவரும் பேசிக்கொள்கிறார்களே, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வரிசை வரிசையாகத் தடுக்கு ஏறியது. மாமாவின் வயிறு மறைந்தது, தோள் மறைந்தது, கடைசியாக நெற்றி.

"ஆச்சுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"ஆச்சுங்க" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

அப்பா கையை எடுக்கவில்லை. கட்டி முடித்த தடுக்கைப் பிடித்தபடியே நெடுநேரம் நின்றிருந்தார். அது இன்னும் விழுந்துவிடும் போலிருக்கிறது என்று எண்ணி, நானும் ஓடிப்போய் முள்ளுக்குள் கையை விட்டு ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.