நடுக்கட்டத்து எண்

எங்கள் வாசகசாலை அல்சூரில், ஏரிக்குப் போகும் தெருவில் இருந்தது. முப்பதுகளில், யுத்தம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, அதன் வாசற்சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அதில் எண் கட்டம் போடுவோம். மூன்றுக்கு மூன்று, ஒன்பது அறைகள். நெடுக்காக, குறுக்காக, மூலைக்கு மூலையாக, எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வரவேண்டும். தொகையையும் இரண்டு எண்களையும் எழுதி, மற்ற அறைகளைக் காலியாக விடுவது வழக்கம். முதலில் நிரப்புகிறவர்தான் அடுத்த வாரக் கட்டத்தைப் போடவேண்டும்.

அந்த உரிமை பெரும்பாலும் எனக்கும், ராணுவக் கணக்கு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நண்பருக்கும் இடையிலேயே போய்வந்தது. நான் நிறையப் படிக்கிறவன். ஆனால் எண்கள் தாமாக நகர்ந்து இடம் பிடிக்கும் அந்தச் சுகத்தை எந்தப் புத்தகமும் எனக்குத் தந்ததில்லை. அதற்கு எனக்கிருந்த ஒரே இடம் அந்தப் பலகை.

ஒரு வாரம் தொகை இருபத்தொன்று என்று போட்டேன். தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் நடுக்கட்டம், ஆகவே ஏழு. நண்பர் நிரப்பியதை வாசலில் நின்ற ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, மறுநாள் பந்தயத்தில் ஏழாம் எண் குதிரைமேல் பணம் கட்டினார். குதிரை ஜெயித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் ஒரே கூட்டம்.

"சாமி, இந்த வாரம் எது?"

"குதிரை இல்லப்பா, கணக்கு."

"கணக்கு இல்லாம குதிரை ஓடுமா? சும்மா சொல்லு சாமி!"

"விடுடா, சாருக்குக் குதிரைக்காரன் மச்சானாம்!"

அந்த வாரக் கட்டம் நண்பருடையது. தொகை இருபத்தேழு, நடுவில் ஒன்பது. ஒன்பதாம் எண் குதிரை கடைசியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரர்கள் வந்து போட்ட சத்தத்தில் காரியதரிசி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "வாசகசாலையா சார் இது, சூதாட்டக் கொட்டகையா? யார் போட்ட நம்பர்?"

நண்பர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நான் விடை கண்டுபிடிக்கிறதோட சரி சார். போடறதெல்லாம் இவர்தான்."

அவர் கையால் எழுதிய இருபத்தேழு பலகையில் அழியாமல் இருந்தது. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கையெழுத்து தெரியும். எல்லோரும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்கள். பலகை இறங்கியது. என்னையும் இனி வரவேண்டாம் என்றார்கள். எது நடந்தாலும் தேதி போட்டு எழுதி வைக்கிறவன் நான். அந்த நாளைக் குறிக்க மனம் வரவில்லை.

அரசாங்க வேலை, பயந்திருப்பார் என்று அவருக்காக எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை. வீட்டில் சிலேட்டில் கட்டம் போட்டுப் பார்த்தேன். நானே போட்டதில் நான் நிரப்ப என்ன இருக்கிறது?

சில மாதம் கழித்து ஏரிக்கரையில் அவர் எதிரே வந்தார். ஒன்றும் நடக்காதது போலச் சிரித்தார்.

"பொழுதே போகல சார். புதுசா ஏதாவது கட்டம் வச்சிருக்கீங்களா?"

"எனக்குக் குதிரை விஷயமெல்லாம் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.