பவளம் கொத்திய மீன்

நான் கடலை முதன்முதலில் பார்த்தது ஸ்பிரிங்வெளி மலையில், எங்கள் தோட்டத்துத் துரையின் பங்களாவில். நாலடி நீளமான கண்ணாடித் தொட்டிக்குள் அது இருந்தது. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய காலம். எனக்கு எட்டு வயது.

மாதம் ஒருமுறை தோட்ட லொறி மட்டக்களப்புக்குப் போய்ப் பீப்பாய்களில் கடல் தண்ணீர் கொண்டுவரும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனங்கள் குடிதண்ணீருக்கு மலையூற்றுப் பீலியடியில் குடத்தோடு வரிசை நிற்கும்போது அந்த லொறி அவர்களைத் தாண்டித்தான் மேலே ஏறும். துரையின் மனைவியை நாங்கள் துரைசாணி என்போம். அவருக்குப் பொழுது போகவேண்டும் என்று துரை செய்த ஏற்பாடு அது.

தொட்டியின் நடுவில் உயிருள்ள பவளம் ஒன்று இருந்தது. கல் போன்ற பவளமில்லை. இளஞ்சிவப்பாக, குழந்தையின் விரல்களைப் போல நிமிர்ந்து நிற்கும். காலையில் ஒவ்வொரு விரலிலும் பொடிப்பொடியாகப் பூ விரியும். அதைப் பார்த்துக்கொள்வது என் அப்பாவின் வேலை. அப்பாவுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சிழுப்பு. மலையில் தேயிலை வேலை ஒன்றும் தாங்காது என்றுதான் முந்திய துரை அவரைப் பங்களாவுக்கு எடுத்திருந்தார். குசினிக்குப் பின்னால் ஈரமில்லாத ஓர் அறை எங்களுக்குக் கிடைத்திருந்தது. அம்மா கொழுந்தெடுக்கப் போவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சத்தம் போடாமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

துரைசாணியின் பிறந்தநாளுக்குத் துரை ஒரு மீன் வாங்கி வந்தார். இரண்டு விரல் அகலம், எலுமிச்சை மஞ்சள், கண்ணின் மேல் ஒரு கறுப்புக் கோடு, ஊசி போன்ற வாய். பங்களாவே அதைக் கொண்டாடியது. ஒரு மாதத்தில் பவளம் பூப்பதை நிறுத்தியது. விரல்கள் சுருங்கின, நுனிகள் வெளுத்தன.

காரணத்தை அப்பா கண்டுபிடித்துவிட்டார். அறையில் ஆளில்லாத மத்தியானத்தில் அந்த மீன் பவளத்தை நெருங்கி ஒரு கொத்துக் கொத்தும், விலகும், மறுபடி கொத்தும். கதவிடுக்கால் எனக்கும் காட்டினார். மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு துரையிடம் சொன்னார்.

“தொரை, அந்தப் புது மீனுதாங்க பவளத்தைக் கொத்துது.”

துரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “நான் வாங்கின மீன் மேல பழி போடுறியா? பீப்பாய்த் தண்ணி தூக்கச் சோம்பல்பட்டுப் பீலித் தண்ணிய ஊத்தியிருப்ப. ஒரு வாரம் பார்ப்பேன். பவளம் செத்துச்சுன்னா நீ மலைக்குப் போ.”

அன்று அப்பா சாப்பிடவில்லை. “மலைக்குப் போனா இந்த மனுசன் ஒரு மழையத் தாங்குவாரா?” என்று அம்மா அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டபோதுதான் நான் முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் துரைசாணி தூங்கும் நேரத்தில், அப்பாவின் சின்ன வலையால் அந்த மீனைப் பிடித்தேன். அதைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. பவளம் தேறும்வரை ஒளித்துவைத்து, பிறகு திரும்ப விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவி, பீலியில் சுத்தமான தண்ணீர் பிடித்து அதற்குள் விட்டேன். துரை வீட்டுக்கு டின் வெண்ணெய் வருவதைப் போல, கடல் தண்ணீரும் துரைமாரின் ஆடம்பரம் என்றே நினைத்திருந்தேன். நாங்கள் குடிக்கிற தண்ணீர் ஒரு மீனைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாது. மீன் துடித்தது, சாய்ந்தது. சற்று நேரத்தில் வயிறு தெரிய மிதந்தது. தேயிலைச் செடியடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் துரை தொட்டியின் முன் நின்று சத்தம் போட்டார். “மீன் எங்க?”

அப்பா தொட்டியைப் பார்த்தார். ஆணியில் இன்னும் ஈரமாகத் தொங்கிய வலையைப் பார்த்தார். பிறகு குசினி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். என் பாவாடையில் மண் இருந்தது.

“நான்தாங்க எடுத்தேன், தொரை. செத்துப்போச்சுங்க. வீசிட்டேன்.”

பொய் சொன்னால் என்னை அடிக்கிற அப்பா அவர். அவரே பொய் சொல்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. அதைவிட, நான் அகப்படவில்லை என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அந்த வாரமே எங்களை மேல் மலை லயத்துக்கு அனுப்பினார்கள். கூரைத் தகரம் ஒழுகும் அறை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு அப்பாவைத் தண்ணீர் வடியும் கான் வெட்டும் வேலைக்குப் பிரித்தார்கள். பனிமூட்டத்தில் மண்வெட்டியோடு அவர் நாலு எட்டு நடப்பார், நின்று மூச்சு இழுப்பார், மறுபடி நடப்பார். அம்மா கருங்காப்பியில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுப்பாள், நெஞ்சில் எண்ணெய் தடவுவாள். எதற்கும் இழுப்பு அடங்கவில்லை. அப்பா இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தார். மூன்றாவதைப் பார்க்க அவர் இல்லை.

முதல் மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது துரையின் கார் என் பக்கத்தில் நின்றது. துரைசாணி கண்ணாடியை இறக்கினார். அவர் கெட்டவர் இல்லை, என் மீது பிரியம் உண்டு.

“அப்பா எப்படி இருக்கார்? அவர்கிட்ட சொல்லு, பவளம் இப்ப நல்லாப் பூத்திருக்கு. அவர் போன பெறகு ரொம்ப நல்லா வந்திருச்சு. புது ஆள் கவனமாப் பாக்குறான்.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பா சொன்னதுதான் உண்மை, மீன் போனது, பவளம் பிழைத்தது. இனி எங்களைப் பங்களாவுக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தூறலில் மலை ஏறி ஓடினேன். அப்பா கானுக்குள் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா, பவளம் பூத்திருச்சாம்! நீங்க போன பெறகு ரொம்ப நல்லா வந்திருச்சாம். தொரசாணியே காரை நிப்பாட்டிச் சொன்னாங்க!”

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அப்படியா புள்ள,” என்றார். “நல்லா இருக்கட்டும்.”

பிறகு மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவ்வளவு நல்ல செய்தியைக் கொண்டுவந்தும் அவர் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்க, இன்னொரு தடவை சொன்னேன்.