தூக்கிச் சாத்தும் கதவு

அந்த வேனின் கதவு சும்மா இழுத்தால் சாத்திக்கொள்ளாது. பிடியைப் பற்றி ஒரு விரற்கடை மேலே தூக்கி, பிறகுதான் இழுக்க வேண்டும். புதிதாக ஏறுகிறவர்கள் இரண்டு மூன்று தரம் படார் படாரென்று அடித்துப் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்போடு திரும்புவார்கள். கண்ணாடியில் பார்த்தபடியே, "தூக்கிச் சாத்துங்க அம்மணி" என்பார் டிரைவர் அண்ணன். பதினோரு வருஷம், வாரத்தில் ஆறு நாள், வெள்ளக்கிணறு ரோடு பிரிகிற பிரிவு ஸ்டாப்பில் காலை எட்டே காலுக்கு நான் அந்தக் கதவைத் தூக்கிச் சாத்தியிருக்கிறேன். எங்கள் ஸ்டாப்தான் முதல் ஸ்டாப். அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டே பெரியநாயக்கன்பாளையம் வரை போகும் கம்பெனி வேன் அது. வண்டி அண்ணனுக்குச் சொந்தம், கம்பெனியோடு கான்ட்ராக்ட்.

நான் மோட்டார் வைண்டிங் செக்‌ஷனில் இருந்தேன். செம்புக் கம்பிச் சுருளை மோட்டாருக்குள் இருக்கும் காடிப் பள்ளங்களில் ஒவ்வொன்றாக இறக்கிக் கட்டுகிற வேலை. பெண்கள் விரலுக்குத்தான் அது வசப்படும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். பிறகு ஒரு மிஷின் வந்தது. அதற்கு விரலும் வேண்டாம், டீயும் வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்களில் ஒன்பது பேரை ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். "உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா, ஊட்டுல எல்லாம் சௌக்கியமுங்களா" என்று விசாரித்துவிட்டு, "நாளையில இருந்து வர வேண்டியதில்லீங்க" என்று முடித்தார் அதிகாரி. எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதென்றாலும் 'கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா' என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளுவார்கள். நானும் சரிங்க என்று சொல்லி, கும்பிடு போட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். எங்கள் வேனில் வருகிறவர்கள் அந்த ஒன்பதில் மூன்று பேர். மற்றவர்களுக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டு மூவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அன்றைக்கு வீட்டில் சொல்லவில்லை. என்ன பயம் என்று இன்று யோசித்தால் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர் கோபக்காரரும் அல்ல. ஆனால் 'அம்மா மோட்டார் செய்யறாங்க' என்று மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்த வயது அது. அந்தப் பேச்சை நானே எப்படி நிறுத்துவது? மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து, குளித்து, பூ வைத்து, தக்காளிச் சாதம் கட்டிக்கொண்டு பிரிவில் போய் நின்றேன். வேன் வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டு டவுன் பஸ் ஏறி எங்காவது போய் உட்காரலாம் என்று நினைப்பு. எட்டே காலுக்கு வேன் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தது போல இருந்தது. "ஏறுங்க அம்மணி" என்றார். கால் ஏறிவிட்டது. கதவைத் தூக்கிச் சாத்தினேன்.

அடுத்த ஸ்டாப்பில் ஆளே இல்லை. அதற்கடுத்த ஸ்டாப்பிலும் இல்லை. அவரும் நிறுத்திப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார். எல்லாரையுமா அனுப்பிவிட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கலாமா என்று வாயெடுத்தேன், கேட்டால் என் சங்கதியும் வெளியே வருமே என்று மூடிக்கொண்டேன். அவர் கண்ணாடியில் இரண்டு தரம் என்னைப் பார்த்தார். "வெயிலு இப்பவே இப்படி அடிக்குதுங்க" என்றார். "ஆமாங்கண்ணா" என்றேன். பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

எப்போதும் கேட்டுக்குள் போய் நிற்கும் வண்டி அன்று வெளியே புளியமரத்தடியில் நின்றது. அவர் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "அம்மணி, கம்பெனி வந்திருச்சுங்க" என்றார்.

"நீங்க உள்ள போகலீங்களாண்ணா?"

"நீங்க போங்க. உங்களுக்கு நேரமாச்சுங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். "எனக்கு வேலை போயிருச்சுங்கண்ணா. நேத்தே போயிருச்சு." அவர் வண்டியை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "எனக்குந்தானுங்க" என்றார். இனிமேல் ஒரு வேனே போதும் என்று அவருக்கும் முந்தின நாள் ராத்திரி போன் வந்திருக்கிறது. மற்றவர்களை இன்னொரு வேனில் வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சொல்ல மனசு வராமல் அவரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிரிவில் நான் நிற்கிறதைப் பார்த்ததும், பாவம், இந்த அம்மணிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல, என்னால் ஒரு நாள் சம்பளம் கெட வேண்டாம் என்று ஏற்றிக்கொண்டாராம். வேலையில்லாத இரண்டு பேர், ஒருவரையொருவர் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிற மரியாதையில் பத்து கிலோமீட்டர் வந்திருக்கிறோம். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கித் தந்தார். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வாரென்று எதிர்பார்த்தேன். கடவுள் ஒரு கதவை அடைத்தால் என்று ஆரம்பிக்கிற ஆட்கள் அதற்கப்புறம் எனக்கு நிறையப் பேர் கிடைத்தார்கள். அண்ணன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "வண்டி இருக்குது. உங்க கையில வேலை இருக்குது. ஒன்பது பேருங்கிறீங்க. எட்டே காலுக்கு எப்பவும் போல ஸ்டாப்புல வந்து நில்லுங்க, தேடிப் பாத்துப்போடலாம். ஆனா இன்னைக்குப் பொழுதோட ரெண்டு பேரும் ஊட்டுல சொல்லிப்போடோணும்" என்றார். அன்று சாயங்காலம் சொன்னேன். என் வீட்டுக்காரர், "அப்ப நாளைக்கு உனக்குச் சோறு கட்டோணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். கட்டோணும் என்றேன். மறுநாள் அவரே கட்டிக் கொடுத்தார், உப்புப் போட மறந்துவிட்டார்.

ஒன்பது பேரில் ஏழு பேர் வேனில் சேர்ந்தோம். டீசலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டோம். கணபதி, சின்னவேடம்பட்டி, அரசூர் என்று மோட்டார் சத்தம் கேட்கிற சந்து எதையும் அண்ணன் விடவில்லை. வண்டியை நிறுத்துவார், நாங்கள் இறங்கிப் போய்க் கேட்போம். 'சொல்லியனுப்பறோமுங்க' என்பார்கள். அதற்கு இல்லை என்று பொருள். எல்லாரும் முகம் தொங்கித் திரும்பி வந்து ஏறுவோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடுத்த ஸ்டாப்பு எங்கீங்க?" என்பார். பதினோரு வருஷமாக அவர் வாயில் புழங்கிய வார்த்தைதான். ஆனால் அந்த நாட்களில் அதைக் கேட்டால் ஏனோ முதுகு நிமிரும். எங்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி ஒரு நாள், "உங்களுக்கு வேலை தேட மாட்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். "இப்பப் பாத்துட்டிருக்கறது என்னங்க?" என்றார். ஏழு பேரும் சிரித்தோம். சோறு பிரித்துத் தின்கிற நேரத்தில் வண்டிக்குள் கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருத்திக்கு அரசூரில், அக்கா தங்கை இரண்டு பேருக்குச் சின்னவேடம்பட்டியில். வேலை கிடைத்தவள் மறுநாள் ஸ்டாப்பில் நிற்க மாட்டாள். அந்த இடத்தைத் தாண்டும்போது அண்ணன் சும்மாவேனும் ஒரு தரம் ஹார்ன் அடிப்பார். எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன், கொஞ்சம் எரிச்சலும்தான். ஐந்தாவது வாரம் வேனில் நான் ஒருத்தி மட்டும் மிஞ்சினேன். என் கைக்குத்தான் ஏதோ கோளாறு என்று மனசில் விழுந்துவிட்டது.

அந்த வாரம் ஒரு நாள் எழுந்திருக்கவே இல்லை. பிரிவிலிருந்து ஹார்ன் கேட்டது, போர்வையை இழுத்துக்கொண்டேன். மறுபடி கேட்டது. வீட்டுக்கு வந்து கூப்பிட மாட்டார், அவர் சுபாவம் அது. ஆனால் வண்டியை எடுக்கவும் இல்லை. பின்னால் டவுன் பஸ்காரன் கத்துகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. கால்மணி நேரம் கழித்துத் தலைகூட ஒழுங்காகச் சீவாமல், அவரை ஒரு பிடி பிடிக்கிற கோபத்தோடு போய் ஏறினேன். "தூக்கிச் சாத்துங்க அம்மணி" என்றார். தூக்கிச் சாத்தினேன்.

அன்றைக்குத்தான் கணபதியில் ஒரு ரீவைண்டிங் பட்டறைக்குப் போனேன். முதலாளி பேச்சை வளர்க்காமல் கருகிப்போன மோட்டார் ஒன்றை என் முன்னால் வைத்தார். பழைய கம்பியை உருவி, காடியைச் சுத்தம் செய்து, புதுச் சுருளை இறக்கி முடிக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. சுவிட்சைப் போட்டார். மோட்டார் பிசிறில்லாமல் சுற்றியது. "நாளைக்கு வந்துருங்க" என்றார். வெளியே ஓடி வந்து சொன்னேன். "அப்ப நாளைக்கு நான் வரமாட்டனுங்க" என்றார் அண்ணன். இத்தனை சந்தோஷமாக அந்த வார்த்தையை வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. இன்றும் அதே பட்டறையில்தான் இருக்கிறேன், எனக்குக் கீழே நாலு பேர். வேனை விற்றுவிட்டு அண்ணன் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலை எட்டே முக்காலுக்குப் பட்டறை வழியாகப் போகும்போது ஒரு ஹார்ன். நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். அதோடு சரி.

போன மாதம் காரமடையில் அவர் மகள் கல்யாணம். பந்திக்குப் போகிற வழியில் அவர் சம்சாரம் என் கையைப் பிடித்து நிறுத்தி, "அந்தக் கடைசி ஸ்டாப்பு அம்மணி நீங்கதானுங்களா?" என்று கேட்டார். புரியாமல் விழித்தேன். "அப்ப ஒரு நூல் மில்லுல ஸ்டாஃப் வண்டி ஓட்டக் கூப்பிட்டாங்க. நல்ல எடமுங்க. 'இன்னும் ஒருத்தர் ஸ்டாப்புல நிக்கறாங்க, அவங்கள எறக்கி உட்டுப்போட்டு வாரேன்'னு சொல்லிச் சொல்லி நாளக் கடத்திப்போட்டாரு. அவங்க வேற ஆளப் போட்டுட்டாங்க. ரெண்டு வருசம் அங்க இங்கன்னு அல்லாடினாரு. உங்க மேல எனக்குக் கோவமுங்க. மூஞ்சி தெரியாத கோவம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "சாப்பிட்டுப் போட்டுத்தான் போகோணும், என்னுங்க" என்று என்னைப் பந்தியில் உட்கார வைத்து, அவரே பக்கத்தில் நின்று இலையில் இனிப்பு வைத்தார். போர்வைக்குள் கிடந்தபடி அந்த ஹார்னைத் திட்டியதுதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

கல்யாண வேலையெல்லாம் முடிந்து திங்கட்கிழமை அவர் வண்டி எடுத்தார். எட்டே முக்காலுக்கு நான் கையைக் காட்டுவதோடு விடாமல் ரோட்டைத் தாண்டிப் போய் வேனை நிறுத்தினேன். கேட்க வேண்டியதையெல்லாம் ராத்திரியே வரிசையாக நினைத்து வைத்திருந்தேன்.

"என்னங்க அம்மணி, பட்டறை லீவுங்களா?"

"இல்லீங்கண்ணா. அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் வாரேன்."

"ஏறுங்க" என்றார். பிள்ளைகள் ஒடுங்கி இடம் கொடுத்தார்கள். மஞ்சள் வேன், புது வண்டி, விரலால் தொட்டாலே ஓடிப்போய் மூடிக்கொள்கிற கதவு. என் கை அதன் பிடியைப் பற்றி மேலே ஒரு தூக்குத் தூக்கி இழுத்தது. படாரென்ற சத்தத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியில் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இதத் தூக்க வேண்டாமுங்க அம்மணி" என்றார். "அதுவாவே சாத்திக்கும்."